படிப்போடு வேலை அனுபவம்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பத்திரப்படுத்துவது

இந்தப் பாடம் யாருக்கு?

திருகோணமலை மாவட்டத்தில் மீளக் குடியேறிய குடும்பங்களிலுள்ள, 16 வயதைத் தாண்டிய மாணவ மாணவியருக்கும் அவர்களது பெற்றோருக்கும் இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. இதைப் படித்து முடிக்கும்போது நீங்கள் மூன்று காரியங்களைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும்.

• ஒரு வேலை உங்களுக்குக் கற்றுத் தருமா, உங்கள் படிப்பைத் தின்றுவிடுமா என்று பிரித்தறிதல்.
• படிப்பு கெடாத காலத்தையும் இடத்தையும் தெரிவு செய்தல்.
• பெற்ற அனுபவத்தை எழுத்தில் உறுதிப்படுத்தி, அங்கீகாரமுள்ள சான்றிதழாக மாற்றுதல்.

1. நம் வீடுகளில் எழும் கேள்வி

"பிள்ளை படிக்கட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?" மீளக் குடியேறிய வீடுகளில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. காணியைத் துப்புரவு செய்ய வேண்டும், வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், வள்ளமோ வலையோ வாங்க வேண்டும். கையில் காசு இல்லை. வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று நிற்கிறது. ஒரு நாள் கூலி கிடைத்தாலும் உதவிதானே என்று தோன்றுவது இயல்பு.

சம்பூர் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டில் ஊரை விட்டு வெளியேறியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை நலன்புரி நிலையங்களில் பல வருடங்களைக் கழித்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே பலருக்குச் சொந்தக் காணிக்குத் திரும்பக் கிடைத்தது. வெளியேறிய வருடத்தில் பிறந்த குழந்தை ஊர் திரும்பும்போது ஐந்தாம் வகுப்பை நெருங்கியிருந்தது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ பாடத்திட்டமே மாறிப்போனது. இப்படி இடையிடையே அறுந்த படிப்பை ஒட்டவைக்கும் நேரத்தில், வேலை என்ற இழுப்பும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்விக்கு "படிப்பு மட்டும்" என்ற பதிலும் போதாது. "வேலை மட்டும்" என்ற பதில் அதைவிட ஆபத்தானது. எந்த வேலை, எந்தக் காலத்தில், கையில் என்ன எழுத்தோடு என்று கேட்பதே சரி. படிக்கும் காலத்தில் கற்றுத்தரும் வேலையைச் செய்து, அதை எழுத்தில் வைத்திருப்பவருக்கு அந்த அனுபவம் ஒரு சொத்து. பாடசாலையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போனவருக்கு அன்றைய கூலி மட்டுமே மிச்சம்.

2. படிப்பு மட்டும் ஏன் போதாது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையை ஒருவர் மூன்று தடவை எழுதலாம். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மூன்று தடவையும் எழுதி, இடம் கிடைக்காமல், 21 அல்லது 22 வயதில் வேலை தேடத் தொடங்கும் இளைஞரிடம் முதலாளி கேட்கும் முதற் கேள்வி, "முன்னம் எங்கே வேலை செய்தீர்?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாதபோது நல்ல பெறுபேறும் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். நாட்டின் கல்வி முறையும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியராகப் பயில்வோர் இரண்டு வருடம் கல்லூரியில் படித்து, மூன்றாம் வருடத்தைப் பாடசாலையில் கற்பித்துக் கழிக்கிறார்கள். வைத்தியராகப் படித்தவரும் ஒரு வருடம் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி முடித்த பின்னரே முழுமையான பதிவு பெறுகிறார். இவர்களுக்கெல்லாம் வேலை என்பது படிப்பின் ஒரு பகுதி. உங்களுக்கும் அது அப்படியே அமையலாம்.

3. கற்றுத்தரும் வேலையை எப்படி அறிவது?

ஓர் உதாரணம் பாருங்கள். இரண்டு மாணவர்கள் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு மீன்வாடிக்கு வேலைக்குப் போகிறார்கள். இருவரும் பெட்டி தூக்குகிறார்கள், ஐஸ் உடைக்கிறார்கள். முதலாமவர் நாள் முடிய கூலியை வாங்கிக்கொண்டு வீடு போகிறார். இரண்டாமவர் மாலையில் கணக்கெழுதுபவரோடு அரை மணித்தியாலம் இருக்கிறார். எந்த வள்ளத்தில் எத்தனை கிலோ வந்தது, எந்த மீன் என்ன விலைக்குப் போனது, ஐஸுக்கும் லொறிக்கும் எவ்வளவு கழிந்தது, சம்மாட்டிக்கும் வேலையாட்களுக்கும் பங்கு எப்படிப் பிரிந்தது என்று பார்த்துத் தன் கொப்பியிலும் எழுதுகிறார். மாதம் முடியும்போது கூலி இருவருக்கும் ஒன்றே. ஆனால் இரண்டாமவர் ஒரு சிறு வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைக் கற்றுவிட்டார். வணிகப் பிரிவில் படிப்பவராயின் கணக்கீட்டுப் பாடமும் அவருக்கு இலகுவாகிவிடும்.

ஒரு வேலையை ஏற்பதற்கு முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1) இந்த மாத முடிவில் எனக்குப் புதிதாக என்ன செய்யத் தெரிந்திருக்கும்?
2) எனக்குச் சொல்லித்தரக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறாரா?
3) பாடசாலை நாளும் பரீட்சையும் வரும்போது என்னை விடுவார்களா?
4) வேலை முடிந்ததும் ஒரு கடிதம் தருவார்களா?

நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அந்த வேலை நல்லது. மூன்றாம் கேள்விக்குப் பதில் "இல்லை" என்றால், சம்பளம் எவ்வளவு கூடினாலும் வேண்டாம்.

4. வேலைத்தளத்தில் உங்கள் பாடப் புத்தகம்

வகுப்பில் விளங்காத பாடம் வேலைத்தளத்தில் விளங்குவதுண்டு.

கணிதம்: வள்ளத்தின் எஞ்சினுக்குப் பெற்றோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். 1:50 என்று எஞ்சின் புத்தகத்தில் இருந்தால், 20 லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு எண்ணெய்? 20ஐ 50ஆல் வகுத்தால் 0.4 லீற்றர், அதாவது 400 மில்லிலீற்றர். கணக்குப் பிழைத்து எண்ணெய் குறைந்தால் எஞ்சின் இறுகிப் பழுதாகும். விகிதம் என்ற பாடத்தை இதன் பிறகு மறக்கமாட்டீர்கள். கட்டட வேலையில் கொங்கிரீட்டுக்கு 1:2:4 என்று சீமெந்து, மணல், கல் கலப்பதும் இதே பாடம்தான்.

விஞ்ஞானம்: பைபர் வள்ளம் திருத்தும் இடத்தில் றெசினோடு இறுகவைக்கும் திரவத்தைச் சேர்க்கும்போது பாத்திரம் சூடாவதைக் காண்பீர்கள். வெப்பத்தை வெளிவிடும் தாக்கம் என்று புத்தகத்தில் படித்தது இதுவே. வெயில் நேரத்தில் அது ஏன் விரைவாக இறுகுகிறது என்று பாஸிடம் கேளுங்கள்; பிறகு ஆசிரியரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் சேர்ந்தால்தான் அறிவு முழுமையாகும்.

மொழி: திருகோணமலை மூன்று சமூகங்களின் ஊர். துறைமுக வீதியில் ஒரு கடையில் நின்றால் காலையில் தமிழிலும், பகலில் சிங்களத்திலும், உல்லாசப் பயணி வந்தால் ஆங்கிலத்திலும் பேச வேண்டியிருக்கும். முகாமில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு மற்ற சமூகத்தாரோடு சேர்ந்திருந்து பழக வாய்ப்பே இருக்கவில்லை. ஒரே வேலைத்தளத்தில் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக வேலை செய்யும்போது மொழி மட்டுமல்ல, பயமும் தெளிகிறது.

5. எந்தக் காலம், எந்த இடம்?

படிப்பைக் கெடுக்காத காலங்கள் மூன்று உண்டு.

தவணை விடுமுறைகள்: நமது கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், மழையும் கூடும். ஆகவே டிசம்பர் விடுமுறையில் கடை, கணினி நிலையம், தையல், மருந்தகம் போன்ற உள்வேலைகளே பொருத்தம். ஓகஸ்ட் விடுமுறை இதற்கு மாறானது. அப்போது கடல் அமைதியாக இருக்கும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஆட்கள் வரும் காலம் அது. புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும் காலமும் அதுவே. வரவேற்பு, சமையலறை, கணக்கு, தோட்டம் எனப் பல வேலைகளுக்கு அப்போது ஆள் தேவைப்படும்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பின்: பரீட்சை எழுதி முடித்ததும் பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கின்றன. இதுவே மிகச் சிறந்த காலம். 16 வயது நிறைந்தவர்கள் ஒரு தொழிலை அருகிலிருந்து பார்த்து, உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவு செய்வது என்று தீர்மானிக்கலாம். 2013ஆம் ஆண்டில் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் சேர்க்கப்பட்டது. இயந்திரமும் மின்சாரமும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அறிய ஒரு கராஜில் இரண்டு மாதம் நின்று பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

உயர்தரப் பரீட்சைக்குப் பின்: பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேலும் போய்விடுவதுண்டு. இந்தக் காலத்தைச் சும்மா விடாதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, மாவட்டம் முன்னைப்போல் துண்டுபட்டிருக்கவில்லை. பாதைப் படகுக்குக் காத்திருந்து கடந்த இடத்தில் 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 396 மீற்றர். மூதூர்ப் பக்கத்து மாணவரும் இப்போது பஸ்ஸில் நகருக்கு வந்து திரும்பலாம். சீனக்குடாவில் மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும், துறைமுகத்தைச் சுற்றிச் சீமெந்துத் தொழிற்சாலையும், கொட்பேயில் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. பெரிய தொழிற்சாலைகள் நேரே வந்து கேட்கும் மாணவரை உள்ளே எடுப்பது அரிது. ஆனால் அவற்றுக்கு வெல்டிங், வாகனத் திருத்தம், உணவு, துப்புரவு, போக்குவரத்து எனச் சேவை செய்யும் சிறு வேலைத்தளங்கள் பல உண்டு. உங்கள் கதவு பெரும்பாலும் அங்கேதான் திறக்கும்.

6. சட்டம் உங்களைக் காக்கிறது

• 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயதும் 16 ஆகும். அதற்குக் குறைந்த பிள்ளையைக் கூலிக்கு அனுப்பாதீர்கள்.
• 18 வயதுக்குக் குறைந்தோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவது தடை செய்யப்பட்டுள்ளது. ஆழ்கடல், சுழியோடல், உயரமான சாரம், வெடிபொருள், கனபாரம் ஆகியவை எவ்வளவு கூலி தந்தாலும் வேண்டாம். டைனமைற் வைத்து மீன்பிடிப்பது எந்த வயதினருக்கும் குற்றம். கையை இழந்தவர்கள் நம் கரையோரத்திலேயே இருக்கிறார்கள்.
• நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியருக்கும் இது பொருந்தும். அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கமே நீங்கள் அங்கு வேலை செய்ததற்கு ஒரு சாட்சி.
• சம்பளம் தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறையிடலாம். 18 வயதுக்குக் குறைந்தவருக்குத் துன்புறுத்தல் நேர்ந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

மாணவியர் வேலைக்குப் போகுமுன் பெற்றோர் ஒருவர் சேர்ந்து போய் இடத்தைப் பார்த்து வாருங்கள். வேலை முடியும் நேரத்தில் பஸ் உண்டா, வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, மலசலகூடம் பூட்டக்கூடியதா என்று பாருங்கள். இவை சரியாக இருக்கும் இடத்துக்கு மகளை அனுப்பத் தயங்காதீர்கள். தையலும் முன்பள்ளியும் மட்டும் பெண்களுக்குரியவை அல்ல. கணக்கியல், கணினி, மின்னணுத் திருத்தம், நில அளவைப் படம் வரைதல் என்பனவும் அவர்களுக்குரியவையே.

7. அனுபவத்தை எழுத்தாக்குங்கள்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. இடப்பெயர்வில் நம் மக்கள் இழந்தவற்றில் பத்திரங்களும் அடங்கும். இருபது வருடம் மேசன் வேலை செய்தவர், தமிழ்நாட்டில் பெயிண்ட் வேலையில் கைதேர்ந்தவர், நல்ல தச்சர் எனப் பலர் ஊர் திரும்பினார்கள். தொழில் கையில் இருந்தது. அதைக் காட்ட ஒரு துண்டுக் கடிதமும் இருக்கவில்லை. ஆகவே அவர்கள் புதியவரைப்போல உதவியாள் கூலியிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. இது உங்களுக்கு நேரக்கூடாது.

அ) ஒரு கொப்பி. வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஐந்து வரி எழுதுங்கள்: திகதி, செய்த வேலை, பயன்படுத்திய கருவி, புதிதாகக் கற்றது, சொல்லித்தந்தவர். கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். நீங்கள் செய்து முடித்த வேலையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

ஆ) ஒரு கடிதம். வேலையை விட்டு விலகும் நாளிலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். எழுதப் பழக்கமில்லாத முதலாளியாயின் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையொப்பமும் முத்திரையும் பெறலாம். மாதிரி இதோ:

"இக் கடிதத்தைக் கொண்டுவரும் ................ (தேசிய அடையாள அட்டை இலக்கம் ................) எமது வேலைத்தளத்தில் ................ ஆம் திகதி முதல் ................ ஆம் திகதி வரை ................ ஆகக் கடமையாற்றினார். மேற்பார்வையின் கீழ் அவர் செய்த வேலைகள்: ................ தனியாகச் செய்யக்கூடிய வேலைகள்: ................ அவரது வரவும் ஒழுக்கமும்: ................ கையொப்பம், பெயர், பதவி, முகவரி, தொலைபேசி, திகதி."

"நல்ல பிள்ளை" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயன் குறைவு. எந்த வேலைகளைச் செய்யத் தெரியும் என்பது அதில் இருக்க வேண்டும்.

இ) ஒரு சான்றிதழ். என்.வி.கியூ. என்று சொல்லப்படும் தேசிய தொழிற் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். 4ஆம் மட்டம் பெற்றவர் தன் தொழிலைத் தனியாகச் செய்யக்கூடிய தேர்ந்த தொழிலாளியாகக் கணிக்கப்படுகிறார். இதைப் பெற இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பயிற்சி நெறி. திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றில் விசாரியுங்கள். நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுநர் பயிற்சி அதிகாரசபை மாணவரை வேலைத்தளத்திலேயே பயிலுநராக அமர்த்துகிறது. 2017ஆம் ஆண்டில் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் போதிய சித்தி பெறாதவரும் 12ஆம் தரத்தில் சேர்ந்து தொழிற் பாடங்களைப் படிக்கலாம். உங்களுக்குக் கிட்டிய பாடசாலையில் இது உண்டா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, முன்கற்றலை அங்கீகரித்தல். பயிற்சி நெறிக்குப் போகாமல் வேலை செய்து பழகியவரை மதிப்பீட்டாளர் நேரில் பரிசோதித்து, அவரிடமுள்ள ஆதாரங்களைப் பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார். மேலே சொன்ன கொப்பி, படங்கள், கடிதம் ஆகியவையே அந்த ஆதாரங்கள். இந்த வழி உங்களுக்கு மட்டுமல்ல, சான்றிதழ் இல்லாத உங்கள் தகப்பனாருக்கும் தமையனுக்கும் திறந்திருக்கிறது. அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கராஜில் தொடங்கியவர் 4ஆம் மட்டத்தைப் பெற்று, 5, 6 என்று படித்து, இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போக வழி இருக்கிறது. தொழில் பழகினால் படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு அங்கு வேலை செய்த கடிதம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். எல்லாப் பத்திரங்களுக்கும் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். படமெடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். ஓடவேண்டி வந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

8. பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை முதற் கூலியைக் கொண்டுவந்து கையில் தரும்போது மனம் குளிரும். அந்தக் காசு தேவையானதாகவும் இருக்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாதாரண தரம் முடிக்காமல் உதவியாளாகப் போகும் பிள்ளை முப்பது வயதிலும் உதவியாளாகவே நிற்கும் ஆபத்து உண்டு. உடம்பு தளரத் தளர அந்தக் கூலியும் குறையும். தொழிலும் சான்றிதழும் உள்ளவருக்கு வயதோடு அனுபவமும் கூடும். சம்பளம் கேட்கும் தைரியமும் கூடும்.

பிள்ளையின் உழைப்பில் ஒரு பகுதியையாவது அவர் பெயரில் வங்கியில் போடுங்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கு வழியே இல்லையென்றால் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவதற்கு முன் அதிபரிடமும், கிராம உத்தியோகத்தரிடமும், எங்கள் களப் பணியாளரிடமும் வந்து சொல்லுங்கள். நின்ற பிள்ளையை மீண்டும் சேர்ப்பதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வது இலகு.

9. செய்து பாருங்கள்

1) உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஐந்து வேலைத்தளங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் கற்கக்கூடியது என்ன?
2) அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்து, பகுதி 3இலுள்ள நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடுங்கள்.
3) இந்த வாரம் நீங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ கடலிலோ செய்த ஒரு வேலையில் ஒளிந்திருக்கும் ஒரு பாடத்தைக் கண்டுபிடித்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.
4) சான்றிதழ் இல்லாத தொழிலாளி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் செய்யக்கூடிய வேலைகளைப் பட்டியலிட்டு, மாதிரிக் கடிதத்தை அவருக்காக நிரப்பிக் கொடுங்கள்.

நான்காம் பயிற்சியைத் தவற விடாதீர்கள். நீங்கள் படித்த எழுத்தால் உங்கள் வீட்டில் முதலில் பயன்பெறுபவர் அவராகவே இருக்கலாம்.